கற்றாழை நாரில் ஒரு செருப்பு

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்,
14 மார்ச் 1999

அன்புள்ள உங்களுக்கு,

நீங்களும் வெண்பாவும் நலம்தானே? அத்தையின் முட்டிவலி குறைந்திருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சமைத்துச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

நேற்று, ஆபீசில் என் பக்கத்து சீட்டில் இருக்கும் யாமினி என்னை ஒரு மியூசியத்துக்கு அழைத்துப் போனாள். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் வாழ்ந்தவர்கள் செய்ததையெல்லாம் அங்கே நாமே செய்து பார்க்கலாம். ஈட்டி எறியலாம், கல்லில் விதை அரைக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் கற்றாழை நாரில் பின்னிய ஒரு குழந்தைச் செருப்பு இருந்தது. குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் நானும் ஒன்று பின்ன உட்கார்ந்துவிட்டேன். நார் விரலைக் கொஞ்சம் கீறியது, அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்த அமெரிக்க அம்மாள், யாருக்கு என்று கேட்டார். என் மகளுக்கு என்றேன். கால் எவ்வளவு நீளம் என்றார். விரல்களை விரித்துக் காட்டினேன்.

"அது நீ ஊர்லேர்ந்து கெளம்பும்போது இருந்த சைஸ்டி. இப்ப வளர்ந்திருப்பா இல்ல?" என்றாள் யாமினி.

பாதிச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மளிகைக் கடைக்குப் போக அவள் கீழே ஹாரன் அடிக்கிறாள். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். வெண்பாவை வெள்ளைத்தாளில் நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். கூச்சத்தில் காலை இழுப்பாள். கோடு கோணலானால் திருத்த வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள்
சுகந்தி