அப்பா எழுத வேண்டாம் என்றது

அக்காவுக்கு,

மறந்துபோய் அல்ல அக்கா, எழுத வராமல்தான் இத்தனை நாள். தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஆட்களுக்குச் சிங்களத்தில் விண்ணப்பம் எழுத யோசிக்கவே வேண்டியதில்லை. கெம்பஸில் விரிவுரையாளர் கேட்கும் கட்டுரைக்குத் தலை வலிக்கும், ஆனால் முடிந்துவிடும். உனக்கென்றால் முதல் சொல்லே வரமாட்டேன் என்கிறது.

நேற்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொங்கலுக்கு வரச் சொல்லு. மருமகனையும் கூட்டிக்கிட்டு."

"போன்ல நீங்களே சொல்லுங்களேன்ப்பா."

"அழுதுருவா. நீ எழுது. நான் சொன்னேன்னு மட்டும் எழுதாத."

நீ நிமலோடு போன பிறகு அவர் உன்னைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அதனால் அப்படியே எழுதிவிட்டேன்.

இதுவரை எழுதியதை இப்போது அவருக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் வெட்டச் சொல்லவில்லை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஒட்டிவிட்டேன்.

உன் தங்கச்சி
கலஹாவிலிருந்து