ரம் ஊறாத திராட்சை

செகெட்,
14 மார்ச் 1994

போல்டிஷாருக்கு,

வெளியூரில் உள்ள உன் அக்கா வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். ஈஸ்டர் திங்களன்று ஊர் வழக்கப்படி மகள் ஃப்ளோரா தலையில் தண்ணீர் தெளிக்க வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வரக்கூடாது. போன வருடம் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குத் தெளித்தாய், வீட்டுக்கு வீடு கொடுத்த பழச்சாராயத்தைக் குடித்தாய், அப்புறம் ஃப்ளோராவைக் காரில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கினாய். அவள் புருவத்துத் தழும்பை நான் தினமும் பார்க்கிறேன்.

மற்றபடி நலம். சில மாதம் முன்பு தெருமுனையில் ஒரு பேக்கரி திறந்தார்கள். காபி குடிக்க நாலு மேஜை. கசகசாச் சுருள், வால்நட் சுருள், பாலாடைக்கட்டி வைத்து மடித்தது என்று பள்ளி விட்டதும் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்க்கிறோம். நம் ஊர்ப் பலகாரத்தை இப்போதுதான் கண்டுபிடித்தமாதிரி இருக்கிறது. ஆனால் உள்ளே வைக்கும் உலர்திராட்சையை ரம்மில் ஊறவைப்பதில்லை, ஆரஞ்சுச் சாறுதான். "ரம் இல்லாத சுருளா? ஆஸ்பத்திரிப் பத்தியமால்ல இருக்கு!" என்று மாடிவீட்டு மார்கிட் முகம் சுளிக்கிறாள். ஃப்ளோராவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. சாராய வாடை இல்லாத வீட்டில் அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

கமில்லா


செகெட்,
19 மார்ச்

அன்புள்ள கமில்லா,

உன் கடிதத்தை அக்கா எனக்கு அனுப்பிவைத்தாள். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். அந்தச் சுருளைச் சுடுவது நான்தான். இலையுதிர் காலத்திலிருந்து அந்தக் கடையின் அடுப்பறையில் வேலை. ரம் பாட்டிலைத் திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. அதைச் சொல்லித்தான் கடைக்கார எதெல்கா அக்காவிடம் கெஞ்சினேன். "வர்றவங்க திட்டினா நான் வாங்கிக்கிறேன், நீ சாறே ஊத்து" என்றார்.

கதவிடுக்கில் ஃப்ளோராவைப் பார்ப்பேன். வெளியே வரத் தைரியம் இல்லை. ஒரே ஒரு முறை தெளிக்க விடு.

உன் போல்டிஷார்


23 மார்ச்

போல்டிஷார்,

இத்தனை மாதமாக ஒளிந்திருந்து பார்த்தாயா? அந்த மேஜையில் உட்கார்ந்து நான் அழுததும் உண்டு. அதையும் பார்த்தாயா? உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. இனி அந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டேன்.

உன் கடிதத்தை ஃப்ளோரா படித்துவிட்டாள். "அப்பா வரட்டும்மா, நான் கார்ல ஏற மாட்டேன்" என்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை என்னிடம் பேரம் பேசுகிறது. திங்கள் காலை பத்து மணிக்கு வா. வழியில் ஒரு வீட்டிலும் ஏறாதே. வாடை அடித்தால் இந்தக் கதவு அப்புறம் திறக்கவே திறக்காது.

கமில்லா


4 ஏப்ரல், திங்கள்

கமில்லா,

வந்தேன். படியில் மார்கிட்டின் கணவர் லாயோஷ் மறித்துக்கொண்டார். "தெளிக்க வந்தவன் வெறும் வாயோடயா போவே? எங்க வீட்டுக்கு என்ன மரியாதை?" என்று கிளாஸைக் கையில் திணித்தார். குடிக்கவில்லை. கீழே வைக்கவும் கை வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. கடைசியில் அவர் பூந்தொட்டியில் கொட்டினேன். அவசரத்தில் பாதி என் சட்டையில் சிந்திவிட்டது. அந்த வாடையோடு உன் கதவைத் தட்டினால் நம்புவாயா? திரும்பிவிட்டேன். இனித் தொந்தரவு செய்யமாட்டேன். இதை நாளைக் காலை எதெல்கா அக்கா கொண்டுவந்து தருவார்.

போல்டிஷார்


5 ஏப்ரல், செவ்வாய்

போல்டிஷார்,

நேற்று வந்த பையன்களையெல்லாம் ஃப்ளோரா விரட்டிவிட்டாள். "எங்கப்பாதான் முதல்ல" என்று கதவருகிலேயே உட்கார்ந்திருந்தாள். இருட்டும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தலையோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து உன்னைச் சபித்தேன்.

உன் கடிதத்தை நம்பியிருக்கமாட்டேன். ஆனால் காலையில் லாயோஷ் வந்து கத்தினார்: "உம் புருஷனுக்குக் கிறுக்கா? அருமையான சரக்கைச் செடிக்கு ஊத்திட்டுப் போயிட்டான்!" கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திங்கள் ஆண்கள் தெளிக்கும் நாள் என்றால் செவ்வாய் பெண்கள் நாங்கள் திருப்பி ஊற்றும் முறை. இதை எழுதும்போது ஃப்ளோரா வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஜில்லென்று இருக்கிறது, நான் சுடவைக்கப் போவதில்லை. அடுப்பறையில் ஒளியாமல் கடை வாசலில் வந்து நில்.

முதல் வாளி அவளுடையது. இரண்டாவது என்னுடையது.

கமில்லா