இருபத்துநான்கு வாட் வைத்தியம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளியில் வகுப்பெடுத்து முடித்து, அம்மாவைப் பார்க்க அக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். அத்தானின் புது வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர், அதில் ஒரு கம்பிச்சுருள், பக்கத்தில் ஒரு பெட்டி. காலை உள்ளே வைக்கச் சொல்லி, ‘மூலிகை உப்பு’ ஒரு பிடி போட்டு சுவிட்சைத் தட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சாக்கடை நிறமாகிறது. மேலே துருவும் நுரையும்.

“பாத்தீங்களா, இவ்வளவும் உங்க உடம்புல இருந்த விஷம்.”

ஒரு பெரியவர் அந்தத் தண்ணீரைக் குனிந்து பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். அதே தொட்டியில்தான் அம்மாவும் காலை வைக்கிறாள். சர்க்கரைக்காரி. கால்விரலில் ஆறாத புண். ச்சீ. எழுதும்போதே கை கூசுகிறது.

மார்ச் 6, வியாழன்

அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். “விஷம்தான் வெளிய போகுதே, அப்புறம் அது எதுக்குடி?”

மார்ச் 9, ஞாயிறு

அத்தான் வெளியூர். பள்ளி ஆய்வகத்திலிருந்து மீட்டர்களை எடுத்துப்போய் அம்மாவின் கண்ணெதிரே அளந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற கணக்குதான். வெறும் தண்ணீரில் 12 வோல்ட், 0.2 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 60 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் 2.4 வாட். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பிறகு உப்பு போட்டேன். அதே 12 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர் பாய்ந்தது. தடை 6 ஓமாக இறங்கியது, திறன் 24 வாட்டாக ஏறியது. தொட்டியில் கால் இல்லை, மனுஷரே இல்லை. தண்ணீர் மட்டும் பழுப்பாகிக்கொண்டே வந்தது.

“பாத்தியாம்மா? யாரோட விஷம் இது? உப்புத்தண்ணியில கரண்ட் போனா அந்தக் கம்பி கரையும். இது அந்தத் துருதான்.”

அம்மா யோசித்தாள். “தண்ணியிலயே விஷம் இருந்திருக்கும்.”

தலையில் அடித்துக்கொண்டேன். வாசற்படியில் நின்றிருந்த அக்கா, “அவர்கிட்ட சொல்லிடாத” என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“எவ்வளவுன்னு சொன்னீங்க டீச்சரம்மா? இருபத்துநாலு வாட்டா?”

“ஆமா. ஒரு நாப்பது வாட் குண்டு பல்பு கூட ஒழுங்கா எரியாது அதுல.”

“அப்ப ஷாக் அடிக்காதுல்ல?”

“பன்னெண்டு வோல்ட்ல என்னத்த அடிக்கும்?”

“அது போதும்” என்றார். எதற்குப் போதும்?

மார்ச் 15, சனி

இதற்குத்தான். வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்: ‘12 வோல்ட், 2 ஆம்பியர், 24 வாட். இயற்பியல் ஆசிரியை அளந்து உறுதி செய்தது. முற்றிலும் பாதுகாப்பானது.’

என் கணக்கு. என் வாயால் நானே சொன்ன கணக்கு. அதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை, அதுதான் குமட்டுகிறது. பிடுங்கி எறிந்தேன். சாயங்காலம் வேறொன்று தொங்கியது, இன்னும் பெரிதாக.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு மாணவனின் அம்மா பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டார். “உங்களை நம்பித்தான் டீச்சர் எங்க மாமியாரைக் கூட்டிட்டுப் போனேன்.” போகவேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டார் போல. அத்தானை நினைத்தால் அருவருப்பு. என்னை நினைத்தாலும்தான்.

மார்ச் 27, வியாழன்

அம்மாவுக்குக் காய்ச்சல். கால் வீங்கி, விரல் கறுத்துவிட்டது. “கெட்டதெல்லாம் இறங்கி வந்து அங்க நிக்குது அத்தை, இன்னும் ரெண்டு தடவை வெச்சா போயிடும்” என்கிறார் அந்த ஆள். அந்த ஆள்தான், இனி எனக்கு அத்தான் இல்லை. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அக்காவும் கூடவே ஏறினாள்.

மார்ச் 29, சனி

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றியதே பெரிய விஷயம் என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவை என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அக்காவும் இங்கேதான். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

காலையில் கட்டு மாற்றும்போது அம்மா சொல்கிறாள்: “மாப்பிள்ளை சொன்ன மாதிரி இன்னும் ரெண்டு தடவை வெச்சிருந்தா விரல் போயிருக்காது.”

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அதற்குள் அக்கா பேசினாள். தலை நிமிராமல், பஞ்சை மடித்துக்கொண்டே.

“தினமும் விடிஞ்சதும் உப்பைப் போட்டு, யார் காலும் இல்லாம தொட்டியை ஓட விடச் சொல்வாரும்மா. முதல்ல வர்றவங்க பாக்கறதுக்கு. நேத்து வந்தவரோடதுன்னு காட்டுவார். நான்தான் ஓட விட்டேன். உன் கால்ல வந்த அதே நிறம்தான் அதுலயும் வந்துது.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் நான் சர்க்கரை மாத்திரையை நீட்டினேன். வாங்கவில்லை.

“அவளைக் கொண்டுவரச் சொல்லு” என்றாள்.

அக்கா கொண்டுபோனாள். அம்மா போட்டுக்கொண்டாள்.