ஓர வரிசை

நடவுக்குப் பின் நாள் 29. காலை 7:00
வேளாண் கல்லூரி மலைப் பண்ணை, அடைப்புக் கூடம் 2. வெப்பம் 31. ஈரப்பதம் 84. மாதிரிக்கு எடுத்த நெற்குத்துகள் பத்து. பூச்சி இல்லை. இந்த நெல் தன் இலைப் பசையால் பூச்சியைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. மருந்து தேவையில்லை.

நான் பூரணி, இறுதியாண்டு. கதவு அறுவடையன்றுதான் திறக்கும், அதுவும் வெளியிலிருந்து; அதுவரை நான் உள்ளேதான். எனக்கு இரண்டு வேலை: பயிரைக் கணக்கெடுப்பது, உழவர்களுக்குப் பிரசுரம் எழுதுவது. இரண்டாவது நட்ட வாரமே அச்சுக்குப் போய்விட்டது. பழைய ரகத்தின் பிரசுரத்தில் பெயரை மட்டும் மாற்றினேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நாள் 31. 7:20
ஓர வரிசையில் ஒரு தவளை, இலையோடு ஒட்டி. முதுகு இருந்தது. வயிறு இல்லை. பசை வேரடிச் சேறு வரை வழிகிறது. புளித்த கஞ்சியில் ஊறிய கறியின் நாற்றம்.

ஓர வரிசையைப் பதிவில் சேர்க்கக் கூடாது. அங்கே வெளிச்சம் அதிகம், பயிர் மிஞ்சி வளரும், கணக்கு கெடும். முதலாண்டுப் பாடம். இருந்தும் கூடத்துப் பேச்சுக் கருவியில் பேராசிரியர் தேவசகாயத்துக்குச் சொன்னேன்.

வந்த பதில்: "ஏம்மா பூரணி, ஓரத்துல போய் ஏன் நிக்கிற? நடுவுல பாரு. நடு சுத்தமா இருக்கில்ல?"

நடு சுத்தமாக இருக்கிறது.

நாள் 33. 8:10
ஓரத்தில் கோரை மண்டிவிட்டது. பிடுங்கினேன். கையுறை இல்லை. களை எடுக்க யார் கையுறை போடுகிறார்கள். பசை பட்ட இடம் களிம்பு தடவியதுபோல் குளிர்ந்தது. பிடித்திருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

11:15
இடது சுண்டுவிரலின் தோல் உறைபோலக் கழன்றது. வலி இல்லை. உள்ளே வெள்ளையாக, அவித்த முட்டைபோல.

நாள் 34. 10:30
பிரசுரம், பக்கம் 4. என் வாக்கியம்: "பதினைந்தாம் நாளும் முப்பத்தைந்தாம் நாளும் கைக்களை எடுக்கவும்."

கீழே கிராமத்தில் செயல்விளக்கத் திடல் இருக்கிறது. இங்கு நட்ட அன்றே அங்கும் நட்டார்கள். பார்வையாளர்கள் நடக்க வசதியாக நான்கு நான்கு வரிசையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் நடு என்று எதுவும் இல்லை. பதினைந்தாம் நாளில் பசை இன்னும் ஊறவில்லை. நாளை முப்பத்தைந்தாம் நாள்.

தேவசகாயம்: "நாலாயிரம் பிரதி போயாச்சும்மா. ஒரு விரலுக்காகத் திருத்தம் போட்டா ரகத்துக்கே கெட்ட பேரு. பெட்டியில மருந்து இருக்கும், போட்டுக்க."

திடல் பொறுப்பு ராபியாவுக்கு. என் வகுப்பு. அவளை அழைத்தேன்.

ராபியா: "ஏண்டி, உன் பேச்சு விட்டு விட்டு வருது, ஒண்ணும் புரியல. நாளைக்குப் பதினோரு அக்காமார் வர்றாங்க. உன் பிரசுரத்த வாசிச்சுக் காட்டினேன். களை எடுக்கச் சொல்லித்தர ஒரு காலேஜான்னு கேக்குறாங்க."

12:00
என் குரலை வெளியே அனுப்பும் கம்பி ஓர வரிசையை ஒட்டிப் போகிறது. உறை கரைந்து அறுந்துவிட்டது. வருவது வருகிறது. போவது போகவில்லை.

நாள் 35. 8:05
ராபியாவின் படம். எடுத்த நேரம் 6:40. பதினோரு முதுகுகள். அவள் முழங்கை வரை சேற்றில், சிரிக்கிறாள். கூடவே குரல்: "சேறு என்ன சுகமா இருக்கு தெரியுமா. டீ குடிக்கக்கூட யாரும் எழ மாட்டேங்குறாங்க."

எனக்குத் தோல் கழல மூன்று மணி நேரம் ஆனது. அவர்களுக்கு 9:40.

8:50
கம்பியின் அறுந்த முனைகளை விரலால் சேர்த்துப் பிடித்தால் கருவியின் விளக்கு பச்சை. விட்டால் சிவப்பு. பசைக்குள் உட்கார்ந்தால்தான் எட்டுகிறது. உட்கார்ந்தேன். இனி எழுதக் கையில்லை. சொல்வதைக் கருவி பதியும். கதவைத் திறப்பவர்களே, ஓரத்தில் கால் வைக்காதீர்கள். அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

9:12
ராபியா, எழு. எல்லோரையும் எழுப்பு. வலிக்காது. வலிக்கும் வரை காத்திருக்காதே.

9:26
எழு. ராபியா. எழுந்திரு.

9:33
ராபியா: "இப்ப உன் சத்தம் நல்லாவே கேக்குதுடி. அக்காமாருக்கும் கேட்டுச்சு." பின்னால் யாரோ மெல்லச் சிரிக்கிறார்கள். "எதுக்கு எழணும்?"