பேராசிரியரின் மேற்கோள் கணக்கு

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு ஒரு மூளை ஆராய்ச்சிப் பேராசிரியரைப் பற்றி எழுத வேண்டுமாம். அடையாறில் ஞாபகசக்திப் பயிற்சி மையம் நடத்துகிறார். போய்ப் பார்த்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு டிவி. அதில் ஒரே ஓர் எண். இவருடைய ஆய்வை எத்தனை ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு. எதிரே நாற்காலிகளில் ஜனங்கள். கும்பிடாத குறை.

மாலை மயிலாப்பூர், வீடு. கீழ்வீட்டு ரெஜினா டீச்சர் படிக்கட்டில் நிறுத்தினார். கணவர் அருளப்பனுக்குக் கொஞ்ச காலமாக மறதி. "இவர அந்தப் பேராசிரியர்கிட்ட சேர்க்கப் போறேன் சார். உலகம் பூரா அவர் பேரச் சொல்றாங்களாம். ஆனா சேர்ந்தா, நியூரோ டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தணுமாம்."

எப்போது சேர்க்கிறார்? வரும் திங்கள்.

ஜூன் 11, வியாழன்

பேர் சொல்கிறார்கள், சரி. என்ன சொல்கிறார்கள்? மேற்கோள் காட்டிய கட்டுரைகளை எடுத்து, அவர் பெயர் வரும் வரியை மட்டும் அடிக்கோடிட்டேன். கண் எரிச்சல். ஒரு குழு: அதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தோம், பலன் இல்லை. இன்னொன்று: இவருடையது ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயாளிகளே இல்லாத ஆய்வு. மூன்றாவது: இப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணம். மீதி பெரும்பாலும் அவரே எழுதியவை. திட்டினாலும் எண் ஏறும். நல்ல தராசு.

ஜூன் 12, வெள்ளி

மறுபடி அடையாறு. வரிகளை அவர் முன் வைத்தேன். கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை.

"திட்டணும்னாலும் என்னைத்தானே சார் திட்டறாங்க? மத்தவங்கள யாரு சீண்டுறாங்க?"

"மாத்திரைய நிறுத்தச் சொல்றீங்களே, அது எந்த ஆய்வுல இருக்கு?"

"காபி சாப்பிடறீங்களா?"

காபி நன்றாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

கட்டுரை கொடுத்தாயிற்று. தலைப்பு: 'பேர் சொல்கிறார்கள், எதற்கு?' படிக்கட்டில் டீச்சர்: "பார்த்தீங்களா சார்? ஆள் எப்படி?" அச்சாகும் முன் செய்தியை வெளியே சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வருது, படிச்சிடுங்க" என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

கட்டுரை ஒரு வரி குறையாமல் வந்திருக்கிறது. மேலே தலைப்பு: 'உலகமே பேர் சொல்லும் மூளை நிபுணர்'. தலைப்பு போடும் டெஸ்க்குக்குப் போன் போட்டேன்.

"உங்க தலைப்பு கேள்வியா இருந்திச்சி தலைவரே. இணைப்புல கேள்வி வேணாம்னாங்க."

"கட்டுரையப் படிச்சியா?"

"முதல் பத்தி படிச்சேன் தலைவரே."

பத்திரிகை நடத்துகிறார்கள். டீச்சர் வீடு பூட்டு. சர்ச்சில் பூசை முடிந்து அப்படியே தங்கை வீடாம்.

ஜூன் 15, திங்கள்

டீச்சர் போன், அடையாறிலிருந்து. "உங்க கட்டுரைய ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க சார், டிவிக்குப் பக்கத்துல. தலைப்பும் போட்டோவும்."

"அதுக்குக் கீழே?"

"கீழே ஒண்ணும் இல்லையே. காலை மாத்திரைய என்ன பண்றதுன்னு தெரியாம பையிலயே எடுத்துட்டு வந்தேன். நீங்களே எழுதினப்புறம் எதுக்கு, தூக்கிப் போட்டுடறேன்."

"போடாதீங்க. சேராதீங்க. முதல்ல வீட்டுக்கு வாங்க."

முழுத் தாளையும் அவர்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வாசித்தேன். அருளப்பன்தான் கேட்டார்.

"நல்லதா ஒருத்தர்கூடவா எழுதல?"

"எழுதியிருக்கார்."

"யாரு?"

"அவரேதான்."

அருளப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சர் பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் இப்ப எதுக்குச் சிரிச்சேன்?"

"முழுங்குங்க, சொல்றேன்."