மூன்றாவது கேள்வி

ஜூன் 20

அன்புள்ள மருந்துக்கடைக்காரருக்கு,

கால் வீக்கத்தைத் தவிர நலமாகத்தான் இருக்கிறேன். இரண்டு பஸ் மாறி, சலவைக் கடைக்கு மேல் இருக்கும் வகுப்பறைக்குப் படியேறுவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. மீதியை வைத்துத்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் மூன்று பேர், மூவரும் என்னைவிட மூத்தவர்கள்: ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், தமிழ்ப் பெண்ணை மருமகளாக எடுத்த ஒரு தையல்காரம்மா. பாடப்புத்தகம் இன்னும் வந்தபாடில்லை.

குடும்ப விசாப் படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்று, நம் வாலுவுக்கு ஒன்று. ஜூலைக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இரண்டு அறை வீடு ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதுவரைதான் பொறுப்பார்.

போனில் 'ம்', 'சரி' என்பதைத் தாண்டமாட்டீர்கள். கடிதத்தில்தான் உங்களுக்கு வாய் வரும். எழுதுங்கள்.

உங்கள் டீச்சரம்மா

ஜூலை 1

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படு. உப்பைக் குறை. வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்காமல் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள், அரைமணிகூடத் தாங்கவில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. கடையில் தலைக்கு மேல் வேலை, தெருவெல்லாம் காய்ச்சல். உன் நீலப் புடவையை இஸ்திரி போட்டு எடுத்துவைத்திருக்கிறேன், வந்தால் கட்டிக்கொள்ளலாம்.

உன் மருந்துக்கடைக்காரன்

ஜூலை 10

அன்புள்ள மருந்துக்கடைக்காரருக்கு,

கோபப்படாதீர்கள். புத்தகம் வராததால் உங்கள் கடிதத்தையே பாடமாக நடத்திவிட்டேன். போர்டில் மூன்று கேள்விகள் எழுதினேன். யாருக்குப் பல் விழுந்தது? எது ஒழுகுகிறது? மூன்றாவதாக, மனசில் அதுவே ஓடிக்கொண்டிருந்ததால், 'அவர் எப்போது வருகிறார்?' என்று எழுதிவிட்டேன்.

டிரைவர் வரி வரியாக விரல் வைத்துத் தேடினார். "டீச்சர், அது இதுல இல்லையே" என்றார்.

"இருக்கும், நல்லாத் தேடுங்க" என்றேன். மூவரும் தேடினார்கள். அப்புறம் நானும் வாங்கித் தேடினேன். நாலு தடவை படித்த கடிதம்தான். பல் இருக்கிறது, குழாய் இருக்கிறது, புடவை இருக்கிறது. படிவம் என்ற பேச்சே இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன். மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் டீச்சரம்மா

ஜூலை 19

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

வரவில்லை.

நாலு தாளைக் கசக்கிப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். உன்மேல் ஒரு குறையும் இல்லை. இங்கே யாருக்கு இருமினாலும் என்னிடம்தான் வருகிறார்கள். அங்கே பால் வாங்கக்கூட உன் பின்னால்தான் வரவேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. நீயே அலுத்துப்போய் ஒரு வருஷத்தில் திரும்பிவிடுவாய் என்று நாளைக் கடத்தினேன். அது தப்பு.

வாலு தினமும் "அம்மாகிட்ட எப்பப்பா போறோம்?" என்கிறாள். அவளுடைய படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தங்கை கூட்டிவந்து விடுவதாகச் சொல்கிறாள். என் படிவம் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

உன் மருந்துக்கடைக்காரன்

ஜூலை 30

வாலுவின் அப்பாவுக்கு,

படிவம் கிடைத்தது, இன்று கொடுத்துவிட்டேன். அடுத்த வருடத்துக்கும் இங்கே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பெரிய வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அவளுக்கும் இந்த ஒரு அறை போதும்.

அவளுடைய தடுப்பூசி அட்டையை மறக்காமல் வையுங்கள். குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும், ஜன்னல் மேல் டப்பாவில் இருக்கிறது. நீலப் புடவையைத் தங்கையிடம் கொடுத்தனுப்புங்கள். உங்கள்மேல் பொல்லாத கோபம் வந்தது, இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அசதிதான் மிச்சம்.

பாடப்புத்தகங்கள் வந்துவிட்டன. டிரைவர் மட்டும், "கடிதம் இல்லையா டீச்சர்? சார் எப்ப வர்றார்னு எழுதினாரா?" என்று கேட்டார்.

"எழுதிட்டார்" என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியில் விரலை வைத்தார்.

வாலுவின் அம்மா