சயாம் அம்மாவின் பாயில் நீ படுத்த நாள்

நேற்று என் மகள் என்னைப் பண்டார் ஹிலிரில் புதிதாகத் திறந்த தாய்லாந்து மசாஜ் கடைக்கு அழைத்துப் போனாள். கதவைத் தள்ளியதும் கற்பூரமும் எலுமிச்சைப்புல்லும் கலந்த வாசனை. அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எண்பதைத் தாண்டியவள், சின்னப்பிள்ளை மாதிரி மகளின் கையைப் பிடித்து உலுக்கி, "அதே வாசனைதான்" என்றேன். அவளுக்கு என்ன தெரியும்? உனக்கல்லவா தெரியும். அதனால்தான் நீ கண்மூடி ஏழு வருஷம் ஆன பிறகும் உனக்கே எழுதுகிறேன்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வருகிறதென்று ஊரே தலைகால் புரியாமல் திரிந்த நாட்கள் அவை. பண்டார் ஹிலிர் திடலில் நம் காஜா பெராங் வட்டாரப் பெண்கள் பன்னிரண்டு பேர் கோலாட்டம் ஆடுவதாக ஏற்பாடு. முன்னால் நின்று நடத்துவது நீ, உனக்கு அடுத்தவள் நான். இன்னும் ஆறே நாள் இருக்கும்போது, தெருக்குழாயடியில் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கியவள் "அம்மா" என்று குனிந்தபடியே நின்றுவிட்டாய். உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள், சீன வைத்தியரின் பிளாஸ்திரி ஒட்டினார்கள். இடுப்பு எதற்கும் மசியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நீ சொன்னாய்: "என்னத் தூக்கிட்டாவது போங்கடி. ஓரமா உக்காந்து பாத்துக்கிறேன்."

மறுநாள் காலையில் நான் ஓடிவந்து, தெங்கேராவில் ஒரு சயாம் அம்மா இருக்கிறார் என்றேன். மீன் வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டு வடக்கே தாய்லாந்திலிருந்து வந்தவர், என் சித்தியின் முழங்கால் வலியைப் பிடித்துவிட்டே சரிசெய்தவர். பிடித்துவிடுவது என்றால் நமக்கு எண்ணெய்தானே தெரியும். ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஒரு பழஞ்சேலையுமாக ரிக்சா ஏறினோம். அவர் போத்தலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதை வாங்கிச் சமையல்கட்டில் வைத்துவிட்டார். எண்ணெயே கிடையாதாம். தொளதொளவென்று ஒரு சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார். கட்டிலும் இல்லை, தரையில் கெட்டியான மெத்தைப்பாய். காய்ச்சல் உண்டா, எலும்பு முறிந்ததுண்டா, வயிற்றில் பிள்ளை உண்டா என்று மலாய் மொழியில் கேட்டார். "கல்யாணமே ஆவலன்னு சொல்லுடி" என்று என் தொடையைக் கிள்ளினாய்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. அந்த அம்மா உன் காலடியில் உட்கார்ந்து, கைகூப்பி ஏதோ முணுமுணுத்துவிட்டு உன் பாதத்தைத் தொட்டார். நீ வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாய். "பெரியவங்க நம்ம காலத் தொடுறதா? பாவம்டி." அதோடு விட்டாயா? பதிலுக்கு அவர் காலில் விழப் போய் பாதியிலேயே மாட்டிக்கொண்டாய். அது உங்கள் ஊர் வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் குனிந்து வணங்கினார். இதுவாவது பரவாயில்லை. பிறகு அவர் தன் பாதத்தால் உன் தொடையை மிதிக்க ஆரம்பித்தார். யார் கால் யார்மேல் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பழக்கமில்லையா, அவர் மிதிக்க மிதிக்க நீ ஒற்றிக்கொண்டே இருந்தாய். வேலை நடக்கவில்லை. கடைசியில் உன் கை இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டார்.

உள்ளங்காலிலிருந்து கெண்டைக்கால், தொடை என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மேலேறினார். அவசரமே இல்லை. முழங்கை, முழங்கால், பாதம் எல்லாமே அவருக்குக் கைதான். உன் காலை மடக்கி மார்புவரை தள்ளி, மெல்ல ஒருபக்கமாகத் திருப்பி, மறுபடி நீட்டினார். "சாக்கிட், பிலாங்," வலித்தால் சொல் என்று அடிக்கடி சொன்னார். நீ சொன்னபோதெல்லாம் நிறுத்தி, மூச்சை விடச் சொல்லி, இன்னும் மெதுவாகத் தொடங்கினார். பிறகு துணியில் முடிந்த பச்சிலையை ஆவியில் சூடாக்கி இடுப்பில் ஒற்றினார். நேற்று என்னை உலுக்கிய வாசனை அதுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நீ எழுந்தாய். நிமிர்ந்து நின்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு நாள் எதையும் தூக்காதே என்று சொல்லி அனுப்பினார். "உடம்பு என்னுதான்னே தெரியலடி, அவ்வளவு லேசா இருக்கு" என்றவள் ரிக்சாவிலேயே என் தோளில் தூங்கிப்போனாய். மூன்று ராத்திரித் தூக்கம் அது. மறுநாள் அடிபட்ட மாதிரி கொஞ்சம் வலி. அது அடங்கியதும் இடுப்பு நீ சொன்னபடி வளைந்தது.

திடலில் என்ன கூட்டம், என்ன ஆரவாரம். ஆட்டம் தொடங்குமுன் நீ என்னை இழுத்து முன்வரிசையில் உன் பக்கத்தில் நிறுத்தினாய். "நீ இல்லன்னா நான் இன்னிக்குப் படுக்கையிலதான். பின்னால நின்னியோ, நான் ஆட மாட்டேன்." ஆடினோமே, கோல் உடைகிற மாதிரி ஆடினோம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

சித்தி அந்த அம்மாவிடம் போய் வந்தது அதற்கு முந்திய தீபாவளிக்கு. நீ குழாயடியில் குனிந்து நின்றபோதே எனக்கு அவர் ஞாபகம் வந்துவிட்டது. நீ எழுந்திருக்காவிட்டால் முன்னால் நிற்கப்போவது நான் என்பதும் கூடவே வந்தது. ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நீ சொன்ன பிறகுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அத்தனை வருஷம் பழகியும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று அந்தக் கடைப் பெண் எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். முழங்காலைக் காட்டினேன். உன்னிடம்தான் சொல்ல முடியும்: நீ வலியில் துடித்த அந்த மூன்று நாளும், எனக்கு மருந்து தெரிந்துதான் இருந்தது.